எஃப்.சி. முடிந்த வண்டி விபத்தில் சிக்கினால்: காப்பீட்டுத் தொகை பெறுவதற்கான முழு வழிகாட்டி

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று காலாவதியாகி, அதைக் கவனிக்காமல் ஓட்டிய வண்டி விபத்துக்குள்ளானால் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "இனி பைசா வராது" என்று முடிவுகட்டி, கைக்காசைப் போட்டுப் பட்டறையில் விடுகிறார்கள். அல்லது ஏஜென்ட் ஒருவரைப் பிடித்துத் தேதியைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். முதலாவது அவசரம், இரண்டாவது ஆபத்து.

விபத்து நாளில் எஃப்.சி. இல்லை என்ற உண்மையை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் வண்டி நல்ல நிலையில் இருந்தது, விபத்துக்குக் காரணம் வண்டியின் கோளாறு அல்ல என்பதை நிரூபிக்க முடியும். க்ளெய்ம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அதில்தான். அந்தச் சாட்சியம், வண்டியைப் பட்டறையில் பிரித்த மறுகணமே அழிந்துபோகும். அதனால்தான் படிகளின் வரிசை இங்கே முக்கியம்.

1. காலாவதியானது எது என்று முதலில் பாருங்கள்

வெள்ளை நம்பர் பிளேட் சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டுகள்வரை தனியாக எஃப்.சி. கிடையாது. பதிவுச் சான்றே 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே எட்டு வயதான சொந்தக் காருக்கு "எஃப்.சி. இல்லை" என்று யாராவது மிரட்டினால் பொருட்படுத்த வேண்டாம்.

மஞ்சள் பிளேட் வாடகைக் கார், வேன், லாரிக்குக் கணக்கு வேறு. புதிய வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுகள். எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. எட்டைத் தாண்டினால் ஆண்டுதோறும். எட்டாவது ஆண்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய பழக்கத்தில் இன்னும் ஓராண்டு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? வாடகை வாகனத்துக்கு எஃப்.சி. இல்லையென்றால் அது முறையாகப் பதிவு பெற்ற வண்டியாகவே கருதப்படாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு. காப்பீட்டு நிறுவனம் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான். சொந்தக் காருக்கு 15 ஆண்டு தாண்டியிருந்தால் காலாவதியானது பதிவே. அங்கே உங்கள் நிலை இன்னும் பலவீனம். அதற்கான காரணம் 8-ஆம் பகுதியில் வருகிறது.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு, எஃப்.சி., வரி, பெர்மிட், புகைச் சான்று எல்லாவற்றின் தேதிகளும் வரிசையாக வரும். அவசரத்தில் வரித் தேதியை எஃப்.சி. தேதி என்று படித்துவிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காலாவதிக்கு முன்பே எஃப்.சி. கட்டணம் கட்டி, ஆய்வுக்கு நாள் பெற்றிருந்தால் அந்த ரசீதையும் தேடி எடுங்கள். சான்று ஆகாது, ஆனால் நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

புகைச் சான்று மட்டும் காலாவதியாகியிருந்தால் கவலை வேண்டாம். அந்த ஒரு காரணத்தால் க்ளெய்ம் மறுக்கப்படும் என்ற செய்தி தவறானது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2020-இல் விளக்கியிருக்கிறது.

2. உங்கள் க்ளெய்ம் எந்த வகை என்று பிரியுங்கள்

ஒரே விபத்தில் இரண்டு க்ளெய்ம்கள் எழலாம். உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதம் ஒன்று. அடிபட்ட அடுத்தவருக்கான இழப்பீடு இன்னொன்று. முதலாவதை நிறுவனத்திடம் நீங்கள் கேட்கிறீர்கள். இரண்டாவதை அடிபட்டவர் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் கேட்கிறார். அங்கே நீங்கள் எதிர்மனுதாரர். இரண்டுக்கும் விதிகள் வேறு, வாதங்களும் வேறு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் முதலாவதில் மும்முரமாக இருந்து, பணம் உண்மையில் பெரிதாகப் போகும் இரண்டாவதைக் கோட்டைவிடுகிறார்கள். அது 10-ஆம் பகுதியில்.

3. இடத்தைவிட்டு நகர்த்தும் முன் படம் பிடியுங்கள்

அடிபட்டவரைக் கவனிப்பதும் 108-ஐ அழைப்பதும்தான் முதல் வேலை. அதற்குப் பிறகு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வண்டியைத் தள்ளச் சொல்வதற்குள் ஐந்து நிமிடம் கிடைக்கும். எல்லாரும் நசுங்கிய பம்பரைத்தான் படம் பிடிப்பார்கள். எஃப்.சி. முடிந்த வண்டிக்கு அது போதாது. நசுங்காத பாகங்கள்தான் உங்களுக்குச் சாட்சி.

நான்கு டயர்களையும் தனித்தனியாக, கிட்டத்தில். டயரின் பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. காருக்குப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. மேடு பள்ளத்துக்குள் தாழ்ந்து தெரியும்படி ஒரு படம் இருந்தால், "தேய்ந்த டயர்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, சாலையில் விழுந்த பிரேக் தடம். தடம் இருந்தால் பிரேக் பிடித்தது என்று பொருள். மழை வந்தால் அழிந்துபோகும். பிறகு எரியும் விளக்குகள், பிரேக் விளக்கு, ஓடோமீட்டர், எதிர் வண்டி நின்ற கோணம். டேஷ்கேமரா இருந்தால் அதன் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஓட விட்டால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

4. தகவல் கொடுங்கள், ஆனால் ஊகத்தை எழுதாதீர்கள்

பாலிசியில் உள்ள எண்ணுக்கு அன்றைக்கே அழைத்து, க்ளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் முதல் நிபந்தனை. ஏற்கெனவே ஒரு குறை இருக்கும்போது, தாமதம் என்ற இரண்டாவது காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். யாருக்காவது காயம் என்றால் முதல் தகவல் அறிக்கை. வெறும் சேதம் என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் இருக்க வேண்டும்.

இனி, மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். விபத்து எப்படி நடந்தது என்ற கேள்விக்குப் பதற்றத்தில் டிரைவர் சொல்லும் பதில், "பிரேக் பிடிக்கவில்லை, சார்." பெரும்பாலும் அவர் சொல்ல வருவது, "பிரேக் அழுத்தினேன், ஆனால் இடைவெளி போதவில்லை" என்பதுதான். காகிதத்தில் ஏறும்போது அது பிரேக் பழுது ஆகிவிடுகிறது. எஃப்.சி. உள்ள வண்டிக்கு இந்த வாக்கியம் சிராய்ப்பு. இல்லாத வண்டிக்கு எலும்பு முறிவு. கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பக்கமிருந்து யார் வந்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே மோதியது. காரணத்தை வண்டியைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் சொல்வார்.

உண்மையிலேயே பிரேக் போயிருந்தால் அதை மறைக்காதீர்கள். பொய்த் தகவல் என்று ஆகிவிட்டால் எஃப்.சி. பேச்சுக்கே போகாமல் முழு க்ளெய்மும் போய்விடும்.

படிவத்தில் எஃப்.சி. தேதி கேட்டால் உள்ள தேதியை எழுதுங்கள். வெற்றிடம் விடுவதில் லாபமில்லை. நீங்கள் பார்த்த அதே தேதியை அவர்களும் கணினியில் பார்த்துக்கொள்வார்கள்.

5. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையைக் கைப்பற்றுங்கள்

மொத்த வழிகாட்டியில் ஒரே ஒரு காகிதத்தைத்தான் நீங்கள் பெற முடியும் என்றால், இதைப் பெறுங்கள் என்பேன்.

காயமோ உயிரிழப்போ நேர்ந்த விபத்தில், வண்டியைப் பரிசோதிக்கும்படி காவல்துறை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்கும். அவர் பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு என்று பார்த்துச் சேதங்களைப் பட்டியலிட்டு, கடைசியில் தம் கருத்தை ஒரே வரியில் எழுதுவார். "விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணமாக ஏற்பட்டதல்ல" என்ற பொருளில் அந்த வரி இருந்தால் உங்கள் வழக்கில் பாதி வேலை முடிந்தது. எஃப்.சி. கொடுக்கிற அதே துறையைச் சேர்ந்த அதிகாரி, விபத்துக்குப் பின் அதே வண்டியைப் பார்த்துக் கோளாறு காரணமல்ல என்று எழுதியிருக்கிறார். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆகவே இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆய்வு முடியும்வரை வண்டியில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். வண்டியை ஓட்டிப் பார்க்க முடியாத அளவுக்கு நொறுங்கியிருந்தால் "பிரேக்கைச் சோதிக்க இயலவில்லை" என்று எழுத நேரும். பிரேக் எண்ணெய் அளவு, பெடல் அழுத்தம், பட்டைகளின் தேய்மானம் ஆகியவற்றையாவது பார்த்துக் குறிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். நீங்களோ டிரைவரோ உடன் இருங்கள். இரண்டு, வண்டியை விடுவித்து வாங்கும்போதே அறிக்கையின் நகலுக்கும் மனுக் கொடுத்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது வழக்குக் கட்டோடு நீதிமன்றம் போய்விடும்.

யாருக்கும் காயமில்லாத விபத்துக்கு இந்த ஆய்வு வழக்கமாக நடக்காது. அப்போது பட்டறையின் ஜாப் கார்டுதான் துணை. வண்டி உள்ளே வந்த நிலையில் டயர், பிரேக், ஸ்டியரிங் எப்படி இருந்தன என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். விபத்துக்கு முந்தைய பராமரிப்பு பில்களைச் சேர்த்து வையுங்கள். வண்டி எண், தேதி, கிலோமீட்டர் மூன்றும் உள்ள பில்தான் பயன்படும். துண்டுச் சீட்டில் "பிரேக் வேலை, 1,800" என்று எழுதிக் கொடுத்தது எதற்கும் உதவாது. மாற்றிய பழைய பாகங்களைக் க்ளெய்ம் முடியும்வரை எறியாதீர்கள்.

வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பதும் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. "எஃப்.சி. இல்லை, ஆகவே பராமரிப்பில்லை" என்று அவர்கள் முடிச்சுப் போடுவதை இந்தப் பில்கள்தான் அவிழ்க்கும்.

6. சர்வேயர் வரும்வரை காத்திருங்கள்

விபத்து நடந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். இழுவை வண்டியில் ஏற்றுங்கள். எஃப்.சி. இல்லாமல் மறுபடியும் சாலையில் ஓட்டியது இன்னொரு மீறல் ஆகும். வழியில் இன்னொரு சேதம் ஏற்பட்டால் எது எதனால் என்று பிரிக்கவும் முடியாது.

தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாட்களில் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஒழுங்காற்று ஆணையம் 2024-இல் விதித்த கால அளவு. நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்வேயரின் வேலை சேதத்தை மதிப்பிடுவது. க்ளெய்மை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் வேலை. "எஃப்.சி. இல்லை சார், இது வராது, வாபஸ் கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்று பட்டறையிலேயே யாராவது காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே விலக்கிக்கொண்டால், எதிர்த்து முறையிட உங்களிடம் ஒரு மறுப்புக் கடிதம்கூட இருக்காது. சேத மதிப்பை முழுமையாகக் கணக்கிட்டு அறிக்கை தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள், அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பின்னால் எங்கே போனாலும் அந்தத் தொகைதான் அடிப்படை.

7. எஃப்.சி.யை எப்போது புதுப்பிப்பது

சர்வே முடிந்து, வேலையும் முடிந்த பிறகு. அதற்கு முன் வண்டி ஆய்வில் தேறாது. புதிய சான்று அன்றிலிருந்துதான் செல்லும். விபத்து நாளுக்குப் பின்னோக்கிப் போகாது. தாமதக் கட்டணம் கட்டினால் இடைப்பட்ட காலம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது அபராதம் மட்டுமே.

முன்தேதியிட்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டிடம் போகவே போகாதீர்கள். எல்லாம் 'வாகன்' என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் நேரத்தோடு பதிவாகிறது. குறையாக இருந்தது மோசடியாகிவிடும்.

8. மறுப்புக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது

தொலைபேசியில் சொல்வது மறுப்பு அல்ல. எந்த நிபந்தனையின்கீழ் மறுக்கிறோம் என்று எழுத்தில் வாங்குங்கள். வந்ததும் பாலிசியை எடுத்து அந்த நிபந்தனையைப் படியுங்கள். பல கடிதங்களில் சட்டப் பிரிவு இருக்கும். பாலிசி நிபந்தனை எண் இருக்காது. அதையே முதல் கேள்வியாகக் கேட்கலாம்.

பதிலில் இரண்டு வாதங்கள் இருக்க வேண்டும், இந்த வரிசையில்.

முதல் வாதம், காரணத் தொடர்பு. எஃப்.சி. இல்லாததற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்பது. ஓட்டுநர் உரிமம் தொடர்பான ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், மீறல் விபத்துக்குக் காரணமாக அமையும் அளவுக்கு அடிப்படையானது என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அது மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்கு. ஆனாலும் அந்த அளவுகோலை இங்கே எடுத்துக்காட்டலாம். ஆய்வாளர் அறிக்கை, டயர் படங்கள், பில்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் இணைப்பாகப் போகின்றன.

இரண்டாவது, மாற்று வேண்டுகோள். முழுத் தொகை இல்லையென்றால் 'நான் ஸ்டாண்டர்ட்' முறையில் 75 சதவீதம்வரை தாருங்கள் என்பது. நிபந்தனை மீறல் இருக்கும் க்ளெய்ம்களை முற்றாகத் தள்ளாமல் இப்படிக் குறைத்துத் தீர்க்கும் வழக்கம் காப்பீட்டுத் துறையிலேயே உண்டு. 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சர்வேயர் 1,20,000 ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தால் 90,000 வரை இதில் கிடைக்கலாம். இந்த வேண்டுகோளை முதல் கடிதத்திலேயே வையுங்கள். முழுத் தொகைக்கு முரண்டு பிடித்துவிட்டுக் கடைசியில் இறங்கி வருவது கௌரவமாக இருக்கலாம். ஆனால் ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டதற்குத்தான் பின்னால் மதிப்பு.

எதிர்த்தரப்பின் பலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தற்காலிகப் பதிவு காலாவதியான காருக்கு, அது திருட்டே ஆனாலும், தொகை தர வேண்டியதில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவில்லாமல் ஓட்டுவதே அடிப்படை மீறல், காரணத் தொடர்பு தேவையில்லை என்பது அதன் போக்கு. நிறுவனங்கள் இதை 56-ஆவது பிரிவோடு சேர்த்து எஃப்.சி.க்கும் நீட்டிக்கப் பார்க்கின்றன. பதிவு வேறு, தகுதிச் சான்று வேறு. உங்கள் வண்டியின் பதிவு நடப்பில் இருந்தது என்பதே உங்கள் பதில். 15 ஆண்டு தாண்டிப் பதிவே முடிந்துபோன சொந்தக் காருக்கு இந்தப் பதிலும் கிடையாது. அங்கே 75 சதவீதத்தில் கண் வைப்பதுதான் விவேகம் என்பது என் கருத்து.

"எஃப்.சி. இல்லாத வண்டிக்கு ஏன் பிரீமியம் வாங்கினீர்கள்?" என்ற கேள்வி எல்லாருக்கும் இனிக்கும். அதை நம்பிப் போகாதீர்கள். பாலிசி எடுத்த நாளில் எஃப்.சி. இருந்திருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே செத்துவிடும்.

பாதித் தொகை ஒப்புக்கொண்டு 'முழுத் திருப்தியுடன் பெற்றேன்' என்ற ரசீதை நீட்டினால், ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று அதிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் சொல்லுங்கள்.

9. மேலே எங்கே, எந்த வரிசையில்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய்வரை தீர்க்கலாம். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நடுவே காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளத்தில் புகார் பதியலாம். அது நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும், ஆனால் தீர்ப்பு தராது.

குறைதீர்ப்பாளருக்குப் பிறகே நுகர்வோர் ஆணையம். வரிசை ஏன் என்றால், குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் ஆணையத்துக்குப் போகலாம். தலைகீழாக முடியாது. ஆணையத்தில் வழக்கு இருந்தால் குறைதீர்ப்பாளர் மனுவை எடுக்கமாட்டார். ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகள் கெடு. வழக்கின் மதிப்பு நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. 5 லட்சம்வரை கட்டணமில்லை.

வாடகை வண்டி கம்பெனி பெயரில் இருந்தால் குறைதீர்ப்பாளர் வழி அடைபடலாம். தனிநபர், தனி உரிமையாளர் நிறுவனம், குறுந்தொழில் ஆகியோருக்கே அது.

10. அடிபட்டவர் வழக்குப் போட்டால்

விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் அவர் போட்ட இழப்பீட்டு மனுவுக்கான எம்.சி.ஓ.பி. நோட்டீஸ் வீட்டுக்கு வரும். அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று உட்கார்ந்துவிடுவது, எஃப்.சி. இல்லாத வண்டியின் உரிமையாளர் செய்யக் கூடாத காரியம். அந்த வழக்கில் நிறுவனத்தின் வக்கீல் உங்களுக்காக வாதாடமாட்டார். உங்களுக்கு எதிராகவே எஃப்.சி. தேதியைக் காட்டுவார்.

நீங்கள் ஆஜராகாவிட்டால் மறுக்க ஆளில்லை. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வரும். கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு எஃப்.சி. இல்லாததை அடிப்படை மீறலாகவே கொண்டிருக்கிறது. அதை மேற்கோள் காட்டுவார்கள். உயிரிழப்பு வழக்கில் இந்த வசூல் தொகை வண்டியின் விலையைப்போலப் பல மடங்கு வரக்கூடும்.

ஆகவே சொந்த வக்கீலை வைத்து எதிருரை தாக்கல் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களைப் பட்டியலிடுகிறது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது, உரிமமில்லாத டிரைவர், மதுபோதை என்று வரும் அந்தப் பட்டியலில் எஃப்.சி. பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. இந்த வாதத்தையும் ஆய்வாளரின் அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். பெர்மிட்டும் டிரைவரின் உரிமமும் அன்று நடப்பில் இருந்ததைக் காட்டும் நகல்களையும் இணையுங்கள். பெர்மிட் நிபந்தனையிலேயே எஃப்.சி. அடக்கம் என்று அவர்கள் 84-ஆவது பிரிவுக்குப் போவார்கள். அதற்கும் வக்கீல் தயாராக வர வேண்டும்.

வசூல் உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 90 நாட்கள்தான். உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனுப் போடுங்கள். நிறுவனம் தனியாக வழக்குத் தொடர வேண்டியதில்லை. அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டே உங்கள் சொத்தின்மேல் வரலாம்.